அளவையும் அளவுகோலும்

"எந்த ஸ்டாண்டர்டு படிக்கிறே?" என்று பிள்ளைகளைக் கேட்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வகுப்புக்கு அந்தப் பெயர் ஏற்பட்ட கதை பணத்தோடு தொடர்புடையது. 1862-ல் இங்கிலாந்தில் கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ, தொடக்கப் பள்ளிகளுக்கான மானிய விதிகளைத் திருத்தினார். பிள்ளைகள் ஏறவேண்டிய படிகள் ஆறு என்று வகுக்கப்பட்டன. ஒவ்வொரு படிக்கும் ஸ்டாண்டர்டு என்று பெயர். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 12 ஷில்லிங் வரை மானியம். அதில் 4 ஷில்லிங் வருகைப் பதிவுக்காக. மீதி 8 ஷில்லிங், ஆய்வாளர் வந்து தேர்வு வைக்கும் நாளில் அந்தப் பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால்தான் கிடைக்கும். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். மதராஸ் மாகாணத்திலும் அதே பத்தாண்டில் தேர்வு முடிவுக்கேற்ற மானியம் நடைமுறைக்கு வந்து, திண்ணைப் பள்ளிகள் வரை எட்டியது. ஏழு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வரும் விடைக்கு அரசாங்கம் விலை குறித்தது அப்போதுதான். அந்த ஏற்பாடு போய் நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அதன் அடியில் இருந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, வரும் எண்ணைப் பார்த்தால், பிள்ளையின் அறிவும் ஆசிரியரின் உழைப்பும் பள்ளியின் தரமும் ஒருசேரத் தெரிந்துவிடும் என்பதே அந்த நம்பிக்கை.

இதை நிர்வாகச் சிக்கலாக மட்டும் பார்த்தே நாம் பழகிவிட்டோம். எத்தனை தேர்வு, எந்த வகுப்பில், யார் திருத்துவது என்ற அளவிலேயே விவாதம் நின்றுவிடுகிறது. ஆனால் ஒருவருக்குள் இருக்கும் அறிவை இன்னொருவர் எப்படி அறிவது என்பது மெய்யியலின் பழைய கேள்விகளில் ஒன்று. தமிழில் அந்தக் கேள்விக்கே 'அளவை' என்றுதான் பெயர். நாழியும் மரக்காலும் அளவை. உண்மையை அறியும் வழியும் அளவை. வஞ்சி மாநகரில் மணிமேகலை சந்திக்கும் சமயவாதிகளுள் ஒருவன் அளவைவாதி. காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் போதிக்கும் அறமும் ஏது, எடுத்துக்காட்டு, அவற்றில் நேரும் பிழைகள் என்று அளவை நூலாகவே தொடங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அளவையைப் பற்றிப் பேசி, பலரும் பலவாறு எண்ணிய அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். நேரே காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது கருதல். நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. எதை அறிந்தோம் என்று சொல்வதற்கு முன், எந்த வழியால் அறிந்தோம், அந்த வழி எங்கே பழுதாகும் என்று சொல்லியாக வேண்டும் என்பது அந்த மரபின் கண்டிப்பு. பள்ளித் தேர்வைப் பற்றிப் பேசும்போது அந்தக் கண்டிப்பைத்தான் நாம் கைவிட்டிருக்கிறோம்.

தேர்வு மதிப்பெண் இம்மூன்றில் எது? அது கருதல். பிள்ளையின் அறிவை மதிப்பெண்ணில் யாரும் காண்பதில்லை. மதிப்பெண்ணைக் கண்டு அறிவை ஊகிக்கிறோம். மலைமேல் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் பார்த்திருக்கிறோமே என்று தருக்க நூல்கள் தரும் அதே நடைதான். இந்த ஊகம் நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புகை எங்கே இருந்தாலும் நெருப்பும் அங்கே இருந்தாக வேண்டும்; அந்தத் துணைமை ஓரிடத்தில்கூட அறக் கூடாது. அறுந்தால் அந்த ஏது, உண்மைப் பொருளோடும் சேரும், பொய்ப் பொருளோடும் சேரும். மணிமேகலை அதை அநைகாந்திகம் என்று பெயர் சொல்லி ஏதுப்போலிகளில் வைக்கிறது. அடுக்களையில் புகையையும் நெருப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, யாரும் புகைக்காகப் புகை மூட்டவில்லை. சோறு ஆக்கத்தான் நெருப்பு மூட்டினார்கள், புகை தானாக வந்தது. இனிமேல் புகை வரும் வீட்டுக்குத்தான் அரிசி என்று அறிவித்துவிட்டால் என்ன ஆகும்? ஊரெல்லாம் புகை எழும்பும். எந்த வீட்டில் உலை கொதிக்கிறது என்பது மட்டும் இனிப் புகையைப் பார்த்துத் தெரியாது. தேர்வோடு பெரிய பலனையோ பெரிய தண்டனையையோ கட்டும்போது நேர்வது இதுதான். தேர்வைக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எந்தப் பிணைப்பை நம்பி மதிப்பெண்ணிலிருந்து அறிவுக்குப் போகிறோமோ, அந்தப் பிணைப்பை நாமே அறுத்துவிட்டு, பிறகும் அதே ஊகத்தைச் செய்துகொண்டிருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

இதற்குச் சான்று லோவின் திட்டத்திலேயே கிடைக்கிறது. கவிஞராக நாம் அறியும் மேத்யூ ஆர்னால்டு முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக இருந்து பிழைத்தவர். திட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே அவர் தம் அறிக்கைகளில் ஒரே கருத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார். போதிய சாமர்த்தியத்தோடு தயார் செய்தால், வாசிக்கத் தெரியாத பிள்ளையை வாசிப்பிலும், கணக்குத் தெரியாத பிள்ளையைக் கணக்கிலும் தேறவைக்க முடியும் என்பது அவர் கண்டது. ஆய்வாளர் கேட்கப்போகும் வாசகப் புத்தகம் ஒன்றுதான். ஆண்டு முழுவதும் அதையே உருப்போட்டால் பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்துவிடும். வேறொரு தாளைக் கொடுத்தால் திணறும். இங்கே ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்களுடைய ஊதியம் அந்த ஷில்லிங்குகளில் இருந்தது. ஒருவரைப் பட்டினி போடுவேன் என்று மிரட்டிவிட்டு, அவர் தரும் சாட்சியத்தைத் தடையற்ற சாட்சியம் என்று எடுத்துக்கொள்ள எந்த அளவை நூலும் ஒப்பாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 1890-களில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதன்கீழ் ஆய்வாளராக உழைத்து, பின்னர் தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராகி ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ், 1911-ல் எழுதிய நூலில் தாம் அத்தனை காலம் எதற்குத் துணைபோனோம் என்று மனம் வெந்து எழுதினார். வெளியே தெரியும் விளைவை மட்டும் கேட்டுக் கேட்டு, பிள்ளைக்குள் நடக்கும் வளர்ச்சியைப் பார்க்கும் கண்ணையே ஆசிரியரிடமிருந்து பிடுங்கிவிட்டோம் என்பது அவர் குற்றச்சாட்டு. புத்தரின் போதனை பற்றியும் நூல் எழுதிய மனிதர் அவர். வெளிக்குறிக்கும் அகநிலைக்கும் உள்ள இடைவெளி அவருக்கு வெறும் கல்வித்துறை விவகாரமாகப் படாததில் வியப்பில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்கா இதே பாடத்தை இன்னும் பெரிய செலவில் படித்தது. எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது என்று பெயரிலேயே அறிவித்த சட்டத்தில் 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014-க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும். ஆண்டு இலக்கைத் தொடர்ந்து தவறவிடும் பள்ளிகள்மேல் படிப்படியாக நடவடிக்கை, கடைசியில் பள்ளியின் அமைப்பையே மாற்றுவது வரை. எது தேர்ச்சி என்று முடிவுசெய்யும் உரிமை அந்தந்த மாநிலத்துக்கு. ஆகவே சில மாநிலங்கள் கோட்டையே தாழ்த்தி வரைந்தன. 2007-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், தொடக்கப் பள்ளிகளில் மற்றப் பாடங்களின் நேரத்தைக் குறைத்துவிட்டதாக 44 விழுக்காட்டுக் கல்வி மாவட்டங்கள் சொல்லின. அறிவியல், வரலாறு, இசை, ஓவியம், ஏன் இடைவேளைகூட, புகை தராத விறகாகிவிட்டன. அட்லாண்டா நகரில் இது எங்கே போய் முடிந்தது என்பது ஊரறிந்தது. அந்நகரப் பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளர் 2009-ல் நாட்டிலேயே சிறந்தவர் என்று விருது பெற்றார். 2011-ல் மாநில அரசின் விசாரணை, 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் முறைகேட்டில் பங்குகொண்டதாகக் கண்டது. பிள்ளைகளின் விடைத்தாளை வைத்துக்கொண்டு ஆசிரியர்களே தவறான விடையை அழித்துச் சரியான வட்டத்தை நிரப்பியிருந்தார்கள். 2015-ல் பதினொரு பேர், குற்றக் கும்பல்களை ஒடுக்குவதற்காக இயற்றிய சட்டத்தின்கீழ் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. சிறைக்குப் போனவர்களைவிட என்னை உறுத்துவது அந்தப் பிள்ளைகள். வாசிக்கத் தெரியாத ஒரு சிறுமிக்கு 'தேர்ச்சி' என்று தாள் போனது; அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் உதவி அந்தத் தாளாலேயே நின்றது. அழிப்பான் அவளுடைய தவறுகளோடு அவளுக்கிருந்த தேவையையும் அழித்துவிட்டது. டொனால்டு கேம்பெல் என்ற உளவியலர் 1970-களிலேயே இதைப் பொது விதியாகச் சொல்லிவைத்தார்: ஓர் எண்ணை வைத்து எவ்வளவு பெரிய முடிவுகளை எடுக்கிறோமோ, அவ்வளவுக்கு அந்த எண் கெடும், அது அளக்கவந்த செயலையும் கெடுக்கும். தருக்க நூலார் நிபந்தனை அறுந்த ஏது என்று சொல்வதை அவர் சமூக அறிவியலின் மொழியில் சொன்னார்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானதை முதலில் எடுக்கிறேன். தேர்வு இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளையைப் புறக்கணிப்பது யாருக்கும் தெரியாமலே போகும் என்பது அது. 2015-ல், வெறுப்புற்ற அமெரிக்கப் பெற்றோர் தம் பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்ப மறுத்தபோது, பன்னிரண்டு குடிமை உரிமை அமைப்புகள் அந்தப் புறக்கணிப்பை எதிர்த்து அறிக்கை விட்டன. கறுப்பினப் பிள்ளைகளும் குடியேறியவர்களின் பிள்ளைகளும் கற்பிக்கப்படாமல் விடப்படுவதை நாடு கண்டுகொண்டதே இந்த எண்களால்தான் என்றன. இதை லேசாகத் தள்ள முடியாது. நம் நாட்டிலும் 2005 முதல் பிரதம் அமைப்பு நடத்திவரும் அசர் கணக்கெடுப்பு சொல்லாவிட்டால், கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை என்பதை எத்தனை பேர் ஏற்றிருப்பார்கள்? பள்ளிப் பதிவேடுகள் எல்லாம் நலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் இந்த எண் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொல்கிறார். அந்த வாசிப்பால் பிள்ளைக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அவள் ஆசிரியருக்கும் இல்லை. அதனால்தான் அங்கே புகைக்குப் பின்னால் நெருப்பு இருக்கிறது. அமெரிக்காவிலும் 1969 முதல் நடக்கும் தேசிய மதிப்பீட்டுத் தேர்வு இப்படித்தான். மாதிரியாகச் சில பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் வினாக்களில் ஒரு பகுதி மட்டும், தனிப் பிள்ளைக்கு மதிப்பெண்ணே கிடையாது. மாநிலத் தேர்வுகளின் ஏற்றம் மெய்யா என்று சோதிக்க எல்லாரும் அந்தத் தேர்வையே நாடினார்கள். புறக்கணிப்பை வெளிச்சமிட்டுக் காட்ட வேண்டும் என்போர் கேட்பது நியாயம். அவர்கள் கேட்பதைத் தரக்கூடியதும் அச்சமில்லாத தேர்வுதான்.

அடுத்த மறுப்பு நம் மண்ணில் இன்னும் கூர்மையானது. தேர்வைத் தாழ்த்தினால் ஆசிரியரின் கண்ணை உயர்த்தியாக வேண்டும்; அந்தக் கண்ணை எப்படி நம்புவது? பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பார்த்தே அதன் அறிவைத் தீர்மானித்த கண்கள் இங்கே இருந்தன, இன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. பெயர் மறைத்த விடைத்தாள் சாதி பார்க்காது. ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் தேர்வை நம்பியதற்கு இது போதிய காரணம். இலங்கையின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் இதே வேர்தான். இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கரா, கிராமத்து ஏழைப் பிள்ளை நல்ல பள்ளிக்குப் போக வழி செய்தார். சிபாரிசுக் கடிதத்தைவிட அது ஆயிரம் மடங்கு நேர்மையானது. காட்சி என்றாலே குற்றமற்றது என்று அருணந்தியும் சொல்லவில்லை. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியைத்தான் அளவையாக ஏற்கிறார். சாதிக்கண் என்பது திரிபுக்காட்சி. அதைத் திருத்தக் கருதல் வேண்டும். 'இவனுக்கு வராது' என்று ஆசிரியர் ஒதுக்கிய பிள்ளை ஒரு பொதுச் சோதனையில் நன்றாக வாசித்தால், அது ஆசிரியரின் கண்ணுக்கு மருந்து. இதற்காகவும் தேர்வு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கண்ணில் திரிபு இருக்கிறது என்பதால் கண்ணையே எடுத்துவிட்டுப் புகையை மட்டும் நம்பு என்பது எந்த வகை மருந்து? புலமைப்பரிசில் பரீட்சை இன்று என்னவாகியிருக்கிறது என்பது இலங்கைப் பெற்றோருக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைகள் மூன்று இலட்சத்துக்கு மேல் எழுதுகிறார்கள். மூன்றாம் தரத்திலிருந்தே தனியார் வகுப்பு. பெரும்பாலோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழே. டியூசனுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுக்கே ஏணி பக்கத்தில் வந்துவிடுகிறது. அங்கே அளக்கப்படுவதில் பிள்ளையின் அறிவு எவ்வளவு, தகப்பனின் பணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. சிலரைத் தேர்ந்தெடுக்க வைக்கும் சோதனைக்கும், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று அறிய வைக்கும் சோதனைக்கும் ஒரே பெயர் இருப்பது பெரிய குழப்பத்துக்கு இடமாகிவிட்டது.

பயம் இல்லாவிட்டால் யாரும் உழைக்கமாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சட்டத்தை ஆராய்ந்து 2011-ல் எழுதிய டீ, ஜேக்கப் என்ற பொருளியலர்கள், நான்காம் வகுப்புக் கணக்கில் மெய்யான முன்னேற்றம் கண்டார்கள். அதுவும் நான் மேலே சொன்ன அச்சமில்லாத தேசியத் தேர்வைக் கொண்டு. ஆனால் வாசிப்பில் அப்படி எதுவும் காணவில்லை. கூட்டல் கழித்தலை ஓரளவு விரட்டிச் சொல்லிக்கொடுக்கலாம் போலும். ஒரு பக்கத்தை வாசித்துப் பொருள் கொள்வதற்குப் பிள்ளை உலகத்தைப் பற்றி நிறையத் தெரிந்திருக்க வேண்டும். வரலாற்றையும் அறிவியலையும் குறைத்து வாசிப்புப் பயிற்சி கொடுத்தவர்கள், வாசிப்புக்கு உணவான பொருளையே வெட்டிவிட்டார்கள்.

நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019-ல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டு ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று அறிவித்த தமிழ்நாடு, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியை மாற்றியது. அந்த இரு வகுப்புகளில் தவறிய பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தவறினால் அதே வகுப்பு. தமிழ்நாடு தன் பள்ளிகளில் பழைய நிலையே தொடரும் என்றது. இந்த மாற்றத்தை ஆதரிப்போர், எல்லாரையும் தேறவைத்ததால் தரம் கெட்டது என்கிறார்கள். ஒன்றும் கற்பிக்காமல் மேல் வகுப்புக்குத் தள்ளுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம் என்பதில் அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை ஊகத்தில். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம்; புகை இல்லாததைக் கண்டு நெருப்பு இல்லை என்று ஊகிக்க முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்பது தருக்கம் படிப்பவர்களுக்கு ஆரம்பப் பாடம். வாயால் கணக்குப் போட்டுக் கடையில் மிச்சச் சில்லறையைச் சரியாக வாங்கிவரும் சிறுவன் தாளில் தவறுகிறான். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வாழும் பழங்குடிச் சிறுமி வினாவே புரியாமல் வெறுந்தாளைக் கொடுக்கிறாள். தேறியவனைப் பற்றி மதிப்பெண் சொல்வதைவிடத் தவறியவனைப் பற்றி அது சொல்வது இன்னும் குறைவு. ஆனால் தண்டனை விழுவது தவறியவன்மேல்தான்.

தரம் வேண்டும். ஐந்தாம் வகுப்பை முடிக்கும் எந்தப் பிள்ளையும் ஒரு கதையை வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும், வகுத்தல் போட வேண்டும் என்பது கூடுதலான ஆசை இல்லை. கேள்வி, அந்தத் தரத்துக்கு யார் கடன்பட்டவர் என்பது. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை முதலில் சோதித்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சியைக் கொடுத்தது. மொட்டைப் பார்த்துத் தோற்றுப்போன மலர் என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு என்ன வேண்டும் என்றுதான் பார்ப்பார்கள். செயலியில் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் சொன்ன குறையையும் கேட்கத்தான் வேண்டும். எண்ணைச் சேர்ப்பதே வேலையாகிவிட்டால் அரும்பும் மொட்டும் வெறும் குறியீடாகிவிடும். ஆனாலும் அங்கே சோதனையிலிருந்து கடமை பிறப்பது ஆசிரியருக்கும் அரசுக்கும். தேக்கி நிறுத்தும் விதியில் அதே சோதனையிலிருந்து பிறப்பது பிள்ளைக்கு ஓராண்டு இழப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது. வகுப்புகள் ஐந்து. ஒரே ஆசிரியர் ஒரே அறையில் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு எழுதக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்கு வாசித்துக் காட்டுகிறார். அந்த அறையில் ஐந்தாண்டு உட்கார்ந்த பிள்ளை தாளில் தவறுகிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் தவறுகிறது. ஜூன் மாதம் அதே அறையில், அதே ஆசிரியரிடம், அதே புத்தகத்தோடு, தன் தம்பியின் வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்காருகிறது. அதன் முந்தைய வகுப்புத் தோழர்கள் வேறு பள்ளிக்கு ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அறையில் ஆசிரியர் எண்ணிக்கை மாறவில்லை.